சுவருக்கு எத்தனை வாட்?

போன வருஷம் மே மாதம் ஒரு ராத்திரி, மணி ஒன்பதரை. சென்னையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் படுக்கையறையில் நின்றுகொண்டு, ஆன்லைனில் வாங்கிய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை சீலிங்கை நோக்கிப் பிடித்தேன். 39.4 டிகிரி. பால்கனியில் காற்று 31. சூரியன் மறைந்து மூணு மணி நேரம் ஆகிவிட்டது, கூரை மட்டும் இன்னும் மத்தியானத்திலேயே இருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அம்மா ஹாலில்தான் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். 72 வயது, பிரஷர் மாத்திரை, முட்டி வலி. கட்டிலை விட்டுத் தரையில் படுக்கவேண்டிய ஆள் இல்லை. ஆனால் ஹாலுக்கு மேலே மாடிப்படி அறையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. அந்த நிழலில் ஹாலின் சீலிங் 35. படுக்கையறைக்கு மேலே வெறும் மொட்டை மாடி. அம்மாவிடம் தெர்மாமீட்டர் இல்லை, ஆனாலும் என்னைவிட ஒரு வாரம் முன்னாடியே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஓனர் நல்ல மனிதர். போன் பண்ணிச் சொன்னதும், "ஒண்ணரை டன் ஏசி ஒண்ணு போட்டுக்கோங்க சார், ஸ்டெபிலைசர் வேணும்னா நான் வாங்கித் தர்றேன்" என்றார். ஏசி என் செலவு, ஈபி பில்லும் என் செலவு, சூடு மட்டும் அவர் கூரையிலிருந்து வருகிறது. அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. 1994ல் கட்டும்போது மேஸ்திரி சொன்னபடி செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, மேலே தட்டோடு பதித்திருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேலைதான்.

ஏசி வாங்கக் கடைக்குப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி வந்தது. ஏசியில் ஸ்டார் ஸ்டிக்கர் இருக்கிறது, பிரிட்ஜில் இருக்கிறது. 2010லிருந்து ஸ்டார் லேபிள் இல்லாமல் ரூம் ஏசி விற்கமுடியாது. 2020 ஜனவரியிலிருந்து ஆன் பண்ணினால் 24 டிகிரியில்தான் அது தொடங்கவேண்டும் என்றுகூட விதி வந்துவிட்டது. ஆனால் அந்த ஏசி ராத்திரி முழுக்க எதோடு மல்லுக்கட்டுகிறதோ, அந்தக் கூரைக்கும் சுவருக்கும் ஏதாவது குறைந்தபட்சத் தரம் உண்டா? நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. சிவில் எனக்கு அன்னியம். உண்டு என்று தெரிந்துகொள்ளவே சில வாரம் ஆயிற்று. அந்த நோட்ஸைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

அதன் பெயர் ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா. மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் பிஇஇ (ஏசிக்கு ஸ்டார் ஒட்டும் அதே ஆட்கள்) 2018 டிசம்பரில் வெளியிட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு. அலுவலகம், மால், ஹோட்டல் போன்றவற்றுக்கு 2007லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. வீடுகளுக்கு வர இன்னும் 11 வருஷம் ஆனது. முதல் பாகம் கட்டடத்தின் மேலுறையைப் பற்றி மட்டும் பேசுகிறது: சுவர், ஜன்னல், கூரை. பம்பு, லிஃப்ட், விளக்கு, சோலார் எல்லாம் 2021ல் வந்த அடுத்த பாகத்தில். எனக்குப் பிடித்தது முதல் பாகம்தான். காரணம் நடைமுறையானது. பம்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவரை மாற்றமுடியாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும்: யூ மதிப்பு. ஒரு சதுர மீட்டர் சுவரின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், அதன் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யூ. சின்னதாக இருந்தால் நல்லது. கணக்கும் சுலபம். ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் (மீட்டரில்) அந்தப் பொருளின் வெப்பக் கடத்தல் எண்ணால் வகுத்தால் அதன் தடை கிடைக்கும். எல்லாத் தடைகளையும் கூட்டி, உள்ளேயும் வெளியேயும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்துக்கும் கொஞ்சம் சேர்த்து, ஒன்றை அந்தக் கூட்டலால் வகுக்கவேண்டும். ஸ்கூல் பிசிக்ஸில் சீரீஸ் ரெசிஸ்டர் போட்டோமே, அதேதான்.

எங்கள் கூரைக்குப் போட்டுப் பார்த்தேன். 12 செ.மீ. கான்கிரீட், அதற்கு மேல் 10 செ.மீ. ஜல்லிச் சுண்ணாம்பு, தட்டோடு, கீழே பூச்சு. மொத்தத் தடை சுமார் 0.47 வருகிறது. யூ மதிப்பு 2.1. ஒன்றுமே போடாத வெறும் கான்கிரீட் தளமாக இருந்தால் 3ஐத் தாண்டியிருக்கும். அந்த வகையில் ஓனரின் மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு. ஆனால் சம்ஹிதா கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. டெல்லியோ மதுரையோ, எல்லா ஊருக்கும் இதே எண்.

2.1 என்றால் நடைமுறையில் என்ன? படுக்கையறை 12 சதுர மீட்டர். மே மாத உச்சி வெயிலில் காற்று 37 டிகிரி என்று வைப்போம். வெயில் நேரடியாக அடிக்கும் சிவப்புத் தட்டோட்டுக்கு, வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெளியே 61 டிகிரி இருப்பதற்குச் சமம். உள்ளே 28. வித்தியாசம் 33. ஆக 2.1 × 12 × 33, சுமார் 830 வாட். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் கிட்டத்தட்ட 3,500 வாட். அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி கூரைக்கே போய்விடுகிறது. இது நிலையாக ஓடும் கணக்கு. நிஜத்தில் கான்கிரீட்டும் ஜல்லியும் இந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். நான் ராத்திரி ஒன்பதரைக்குப் பார்த்த 39.4 அந்தப் பாக்கிதான்.

1.2க்கு இறங்க என்ன வேண்டும் என்று பார்த்தால் ஆச்சரியம். எக்ஸ்பிஎஸ் என்று ஒரு கெட்டிப் பலகை கிடைக்கிறது, தெர்மாகோலின் பலசாலி அண்ணன். கணக்குப்படி அரை அங்குலம் போதும். நடைமுறையில் ஒரு அங்குலம் போடுவார்கள், அப்போது யூ 0.84க்கே வந்துவிடும். முப்பது வருஷமாக அந்த அறையில் தூங்கியவர்கள் எல்லோருக்கும் குறுக்கே நின்றது ஒரு அங்குலம்.

இனி சுவர். சம்ஹிதாவின் மையமே இங்கேதான் இருக்கிறது. சுவருக்குத் தனியாக, ஜன்னலுக்குத் தனியாக வரம்பு வைக்காமல் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியிருக்கிறார்கள். ஆர்ஈடிவி என்று பெயர். கூரையைத் தவிர்த்த மேலுறையின் வழியாக, ஏசி தேவைப்படும் காலம் முழுவதும் சராசரியாக, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்பதன் மதிப்பீடு அது. வரம்பு 15 வாட். குளிர்ப் பிரதேசத்துக்கு வேறு விதி, மற்ற எல்லா இடத்துக்கும் 15.

ஃபார்முலாவில் மூன்று உறுப்புகள். முதலாவது, சுவர் வழியாகக் கடந்து வரும் வெப்பம். இரண்டாவது, கண்ணாடி வழியாகக் கடந்து வருவது. மூன்றாவது, கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு நேராக உள்ளே விழும் வெயில். ஒவ்வொன்றுக்கும் ஊரின் தட்பவெப்பத்தைப் பொறுத்து ஒரு பெருக்கெண். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களுக்கு அவை 5.15, 1.31, 65.21. பெங்களூருக்கு முதல் எண் 3.38, டெல்லிக்கு 6.06. ஒரே சுவர் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு, வெளிச்சுவரில் 85 சதவீதம் சுவர், 15 சதவீதம் கண்ணாடி ஜன்னல் உள்ள ஒரு அபார்ட்மென்ட் பிளாக்கை எடுத்துக்கொள்வோம். திசைக்கும் ஒரு எண் உண்டு, ஆனால் நாலு பக்கமும் சமமாக இருந்தால் சராசரி கிட்டத்தட்ட 1 வருகிறது. இப்போதைக்கு விட்டுவிடலாம். ஜன்னலில் சாதா ஒற்றைக் கண்ணாடி, அதன் யூ 5.8, விழும் வெயிலில் 80 சதவீதத்தை உள்ளே விடும் என்று கொள்வோம்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. யூ சுமார் 2.03.
5.15 × 2.03 × 0.85 = 8.9
1.31 × 5.8 × 0.15 = 1.1
65.21 × 0.8 × 0.15 = 7.8
கூட்டினால் 17.8. ஃபெயில்.

எட்டு அங்குல ஏஏசி பிளாக், அதாவது இப்போது எல்லா சைட்டிலும் பார்க்கிற அந்த வெள்ளை இலேசான கல். யூ 0.76. சுவரின் பங்கு 3.3 ஆகக் குறைகிறது. ஜன்னல் அதேதான். மொத்தம் 12.2. பாஸ்.

மூன்றாவதைப் போட்டபோதுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பெரிய பில்டர்கள் இப்போது கட்டும் உயரமான பிளாக்குகளில் பலவும் "மைவான்" முறை. அலுமினிய அச்சு வைத்து, சுவரையும் தளத்தையும் ஒரேயடியாகக் கான்கிரீட்டில் வார்ப்பது. சீக்கிரம் முடியும், சுவர் வழவழவென்று இருக்கும், பூச்சு வேலையே இல்லை, விரிசலும் குறைவு. ஆனால் 16 செ.மீ. கான்கிரீட் சுவரின் யூ 3.7. சுவரின் பங்கு மட்டும் 5.15 × 3.7 × 0.85 = 16.2.

ஜன்னலே வைக்காவிட்டாலும் இது 15ஐத் தாண்டிவிடும். ஜன்னலோடு சேர்த்தால் 25. விலையில் இவை பெரும்பாலும் "பிரீமியம்" ரகம். 25 வாட் சுவர் கொண்ட பிரீமியம் வீட்டை, 17.8 வாட் கொண்ட பழைய செங்கல் வீட்டை விற்றுவிட்டு வாங்குகிறோம். மைவானில் கட்டக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வெளிச்சுவருக்கு ஒரு காப்புப் பலகை அடுக்கு கொடுத்தால் அதுவும் பாஸாகிவிடும். அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, பிரோஷரில் படம் போடமுடியாது. அதனால்தான் விதி வேண்டியிருக்கிறது.

செங்கல் வீட்டுக்காரர்கள் மனசு தளரவேண்டாம். ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் இருந்தால் உள்ளே விழும் வெயில் குறைகிறது. அந்த 0.8ஐ 0.55 என்று வைத்தால் மொத்தம் 15.4. நூலிழையில் ஃபெயில். கூடவே கண்ணாடியை 15 சதவீதத்திலிருந்து 12 ஆக்கினால் 14.4, பாஸ். நம் ஊரில் எண்பதுகளில் கட்டிய எந்தச் சாதாரண வீட்டைப் பார்த்தாலும் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் இருக்கும். இப்போது கட்டும் கண்ணாடிப்பெட்டி எலிவேஷன்களில் அதைத் தேடவேண்டியிருக்கிறது.

கண்ணாடியின் கனம் இந்தக் கணக்கில் எவ்வளவு என்று தனியாகப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டர் செங்கல் சுவர் 10.5 வாட் கொண்டுவருகிறது. நிழல் இல்லாத ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 60. ஆறு மடங்கு. ஏஏசி சுவரோடு ஒப்பிட்டால் 15 மடங்கு. திசையும் சும்மா இல்லை. நம் அட்சரேகைக்கு வடக்குப் பக்கத்தின் திசை எண் 0.659, மேற்குக்கு 1.156. அதே ஜன்னலை வடக்கிலிருந்து மேற்குக்கு மாற்றினால் முக்கால் மடங்கு கூடுதல் சூடு. "வெஸ்ட் ஃபேசிங் வேண்டாம் சார், சாயங்காலம் காயும்" என்று புரோக்கர் சொல்வதற்கு இரண்டு தசம இடத்துக்கும் மேல் ஆதாரம் இருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. ஜன்னலைச் சிறிதாக்கு என்று ஆர்ஈடிவி சொல்லாமல் சொல்கிறது. அதே சம்ஹிதாவின் இன்னொரு விதி, காற்றோட்டத்துக்காக, திறக்கக்கூடிய பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்கிறது. புழுக்கமான ஊர்களுக்குத்தான் இந்த அளவு அதிகம். ராஜஸ்தான் மாதிரி வறண்ட வெயிலுக்குப் பத்தில் ஒன்று போதும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறக்கவேண்டும். ஐந்துக்கு நாலு ஜன்னல் போட்டுவிட்டேன், சரியாகிவிட்டதே என்றால் ஆகவில்லை. அது ஸ்லைடிங். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும், மீதிப் பாதி கண்ணாடியாகவே நின்று வெயிலை உள்ளே அனுப்பும். வெளிப்பக்கம் திறக்கும் பழைய கதவு ஜன்னல் 90 சதவீதம் திறக்கும். பால்கனிக் கதவும் கணக்கில் சேரும் என்பதால் கொஞ்சம் சமாளிக்கலாம். என் தாத்தா வீட்டு மரப்பலகை ஜன்னல் நினைவுக்கு வந்தது. முழுக்கத் திறக்கும், மூடினால் வெயில் வராது, கண்ணாடியும் கிடையாது. இந்த இரண்டு விதியையும் அது சண்டையில்லாமல் தாண்டிவிடும். கொசுவைத் தவிர வேறு குறை சொல்லமுடியாது.

எண்கள் இவ்வளவு நன்றாக இருக்கின்றன. சரி, இது யாரைக் கட்டுப்படுத்துகிறது? இங்கேதான் விஷயம் மெலிகிறது.

2018 சம்ஹிதா, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கு. நம் கணக்கில் ரெண்டேகால் கிரவுண்டு. அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் கட்டும் தனி வீடு, தரைத்தளமும் இரண்டு மாடியுமாக எழும் சின்ன பிளாட்டுகள், எல்லாம் வெளியே. அதுவும் மாநில அரசுகள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் இதற்குப் பல் முளைக்கும். 2022ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தியபோது குடியிருப்புக் கட்டடங்களையும் வெளிப்படையாக உள்ளே கொண்டுவந்தார்கள். ஆனால் 100 கிலோவாட் இணைப்புச் சுமை கொண்ட கட்டடங்களுக்கு. வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வைத்தால் 20 வீடு உள்ள பிளாக். வேண்டுமானால் மாநிலம் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் முழுத் திருத்தத்திலும் முக்கியமான வரி அதுதான்.

எங்கள் வாடகை வீட்டை எடுத்துக்கொண்டால், மனை ஒரு கிரவுண்டு. சுமை 100 கிலோவாட்டுக்குப் பக்கத்திலேயே வராது. அதைவிட முக்கியம், 1994ல் கட்டியாயிற்று. புதிதாகக் கட்டுவதற்கான விதி, கட்டி முடித்த கூரையின் கீழ் படுத்திருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. வருஷத்துக்கு இத்தனை லட்சம் புது வீடு என்று பேசுகிறோம், ஆனால் 2040லும் நம்மில் பலர் படுத்திருக்கப்போவது இப்போது இருக்கும் கூரைகளின் கீழேதான்.

பழைய வீடுகளை வேறு யாராவது தொட்டிருக்கிறார்களா என்று தேடியபோது இங்கிலாந்து கிடைத்தது. அங்கே பிரச்சினை நேர்மாறு, குளிர். ஈரமும் பூஞ்சையும் பிடித்த பழைய வாடகை வீடுகள், ஹீட்டர் பில் கட்டமுடியாத குடித்தனக்காரர்கள். ஆனால் முடிச்சு எங்கள் வீட்டில் இருப்பது போலவேதான். மராமத்துச் செலவு ஓனருக்கு, பில் வாடகைதாரருக்கு. செலவு செய்பவருக்கு லாபம் இல்லை, லாபம் பெறுபவருக்குச் சுவரில் ஆணி அடிக்கக்கூட உரிமை இல்லை. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015ல் இதற்கு ஒரு விதிமுறை போட்டன. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ ஆற்றல் சான்றிதழ் வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே இருந்தது. ஏ முதல் ஜி வரை கிரேடு. புது விதி சொன்னது இதுதான்: 2018 ஏப்ரல் 1 முதல் எஃப், ஜி வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. 2020 ஏப்ரல் முதல், ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வாடகை வீடுகளுக்கும் அதே. மீறினால் வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம். அதே சமயம் ஓனர் 3,500 பவுண்டுக்கு மேல் செலவழிக்கவேண்டியதில்லை. அந்தத் தொகைக்குள் ஈ கிரேடு எட்டமுடியாவிட்டால் பதிவு செய்து ஐந்து வருஷம் விலக்கு வாங்கலாம்.

இந்த 3,500 பவுண்டு உச்சவரம்பைப் பல பேர் ஓட்டை என்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. எங்கள் ஓனரும் ரிட்டயர்டு ஆள், மாடி வாடகைதான் அவருக்குப் பென்ஷன் மாதிரி. லட்சக்கணக்கில் செய் என்று சட்டம் சொன்னால் அவர் வீட்டைப் பூட்டிவைப்பார், இல்லையென்றால் வாடகையில் ஏற்றுவார். சட்டத்தின் பலனை அனுபவிக்க அம்மா அந்த வீட்டில் இருக்கமாட்டார்.

அடுத்த படியாக சி கிரேடு கொண்டுவரும் திட்டம் அங்கே 2023 செப்டம்பரில் கைவிடப்பட்டு, ஆட்சி மாறியபின் 2025 பிப்ரவரியில் 2030ஐ இலக்காகச் சொல்லித் திரும்ப வந்தது. பிரான்ஸ் இன்னும் கறார். ஜி கிரேடு வீடுகளுக்கு 2025 ஜனவரி முதல் புது வாடகை ஒப்பந்தம் கிடையாது, எஃப் 2028ல், ஈ 2034ல். அதற்கு முன்பே, 2022 ஆகஸ்டிலிருந்து, எஃப், ஜி வீடுகளுக்கு வாடகை ஏற்றவே தடை. வாடகைக் கட்டுப்பாட்டையும் கூரைக் காப்பையும் ஒரே கயிற்றில் கட்டியது கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன்.

அப்படியே இங்கே நகல் எடுக்கச் சொல்லவில்லை. பாதி வாடகை வாய்ப்பேச்சில் ஓடும் ஊரில், வீட்டுக்கு வீடு சான்றிதழ் என்றால் அது இன்னொரு ஜெராக்ஸ் கடை பேப்பராகிவிடும். ஆனால் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே சுவர், தரை, ஜன்னல், பாய்லர் என்று எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். இங்கே மேல்மாடி வீடுகளில் பெரிய குற்றவாளி ஒருவர்தான், அவர் தலைக்கு மேலேயே இருக்கிறார். கூரைக்கு மட்டும் ஒரு குறைந்தபட்சத் தரம், அதுவும் வாடகைக்கு விடும் மேல்மாடிக்கு மட்டும் என்று தொடங்கினாலே போதும். தெலங்கானா 2023ல் கூரைக்கென்றே தனியாக ஒரு கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. அதிலும் தனியார் வீடுகளுக்கு 600 சதுர கஜ மனை என்று ஒரு வாசல்படி வைத்துவிட்டார்கள். பெரிய மனைக்காரர்களிடம் ஆரம்பிப்பது நிர்வாகத்துக்குச் சுலபம்தான், ஆனால் அதிகம் காய்வது அவர்கள் கூரை இல்லை.

கூல் ரூஃப் என்றதும் நினைவு வருகிறது. யூ மதிப்பில் நிறத்துக்கு இடமே கிடையாது. கறுப்புத் தார் ஷீட்டுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் கீழே ஒரே தளம் என்றால் யூ ஒன்றேதான். ஆனால் வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் கூரைக்குத் திரும்பக் கணக்குப் போட்டேன். வெயிலில் 70 சதவீதத்தை உறிஞ்சும் தட்டோடு, 30 சதவீதம் மட்டும் உறிஞ்சும் வெள்ளையானால், அந்த 61 டிகிரி 45 ஆகிறது. வித்தியாசம் 33லிருந்து 17. உள்ளே வருவது 830 வாட்டிலிருந்து சுமார் 430. காப்புப் பலகை போட்டு 1.2க்கு இறக்கினால் 475. உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் பார்த்தால் பெயின்ட், பலகையோடு சரிக்குச் சமமாக நிற்கிறது, செலவோ அதைவிட ரொம்பக் கம்மி. பின்னே ஏன் பலகையை வற்புறுத்துகிறார்கள் என்றால், பலகை அழுக்காவதில்லை. வெள்ளை ஆகும். தூசி, பாசி, புறா எச்சம், வடாம் காயப்போட்ட எண்ணெய்க் கறை எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷத்தில் பாதிப் பலனைத் தின்றுவிடும்.

இதற்கிடையில் சொந்தமாக பிளாட் வாங்கலாம் என்று இரண்டு மூன்று சைட்டுக்குப் போனேன். எல்லா இடத்திலும் ஆர்ஈடிவி எவ்வளவு என்று கேட்டேன். ஓரிடத்தில் அந்தத் தம்பி, "ஆர்ஓ பிளான்ட் இருக்கு சார், எஸ்டிபியும் இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்லமுடியாது, இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அதன்பிறகு கேள்வியை உடைத்துக் கேட்க ஆரம்பித்தேன். வெளிச்சுவர் என்ன, எத்தனை அங்குலம்? மேல்தளத்துக்குக் காப்பு உண்டா, என்ன பலகை, என்ன கனம்? ஜன்னல் ஸ்லைடிங்கா, சன்ஷேட் எவ்வளவு நீளம்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஆள் சைட் இன்ஜினியர்தான், சேல்ஸ் ஆபீஸில் கிடைக்கமாட்டார். கிடைத்த பதில்களைப் போட்டுப் பார்த்ததில் ஒன்று 24, ஒன்று 13. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 13 வந்த வீட்டில் பார்க்கிங் சுமார் என்று மனைவி சொல்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

வாடகை வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓனரிடம் கணக்கைக் காட்டவில்லை. தெர்மாமீட்டரைக் காட்டினேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு அவரையே மாடிக்குக் கூட்டிப்போய்த் தட்டோட்டை நோக்கிப் பிடிக்கச் சொன்னேன். 58 வந்தது. அடுத்து, அங்கே உலர்த்தியிருந்த வெள்ளை வேட்டியை நோக்கிப் பிடித்தார், அவராகவே. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பாதி நான் போடறேன் சார், பாதி நீங்க" என்றார். ஏசி விலையைவிடக் குறைவாகத்தான் ஆனது. ஏப்ரலில் இரண்டு கோட் வெள்ளை அடித்தோம்.

இந்த மே மாதம், அதே அறை, அதே ஒன்பதரை மணி, சீலிங் 35.2. ஃபேன் போதும் என்று அம்மா கட்டிலுக்குத் திரும்பிவிட்டார், ரொம்பப் புழுங்கும் நாளில் மட்டும் ஏசி. போன வாரம் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி வழிகிற மூலையில் வெள்ளை ஏற்கெனவே பழுப்பாகியிருக்கிறது. மழைக்கு முன்னால் ஒருதடவை தேய்த்துக் கழுவவேண்டும்.